களக்காட்டுக் கோட்டைக் கதவைத் திறந்தது யார்?

ஆழ்வார்குறிச்சி,
பரிதாபி வருஷம், ஆடி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ ‘பொருநை மித்திரன்’ பத்திராதிபரும் என் மனைவியின் தம்பியுமாகிய திருஞானசம்பந்தம் பிள்ளை அவர்களுக்கு, ஆழ்வார்குறிச்சி பாபநாசம் பிள்ளை எழுதிக்கொண்டது. பத்திராதிபர் என்ற முறையில் அநேக நமஸ்காரம். மச்சினன் என்ற முறையில் அநேக ஆசீர்வாதம். இரண்டில் எது உமக்கு இப்போது அவசரமோ அதை எடுத்துக்கொள்ளவும். இவ்விடம் நானும் உம் தமக்கை பிரம்மநாயகியும் மகள் உலகம்மாளும் கறவை மாடும் க்ஷேமம். அவ்விடம் உம் க்ஷேமத்தையும் அச்சு யந்திரத்தின் க்ஷேமத்தையும் அறிய ஆவல். வருஷத்தின் பெயர் பரிதாபி என்று இருப்பதைப் பார்த்து என் நிலைமையை நீர் ஊகிக்க வேண்டாம். நான் இவ்வளவு தெம்பாக என்றைக்கும் இருந்ததில்லை.

இத்துடன் வருகிற காகிதக் கட்டில் என் சரித்திர நாவலின் கடைசி அத்தியாயம் இருக்கிறது. ஆவணி இதழில் அது ஓரெழுத்துக் குறையாமல் அச்சேற வேண்டும். காகிதம் போதாது, போர்க்களத்தைச் சுருக்கும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர். போர்க்களம் சுருங்காது. காகிதத்தைப் பெருக்கும். உமக்கு என்ன, டவுணில் உட்கார்ந்திருக்கிறீர். நாவலைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் உமக்குத் தபாலில் சொல்கிறார்கள். எனக்கு ரயிலேறி வந்து நேரில் சொல்கிறார்கள். இந்த நாவலுக்காக நான் பட்டதை முழுக்கக் கேட்டால், என் எழுத்தில் ஒரு புள்ளியை எடுக்கவும் உமக்கு மனம் வராது என்பதால் ஆதியோடந்தமாக எழுதுகிறேன்.

ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு நான் உம் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, நீர் தலைவலி என்று படுத்துக்கொள்ள, நான் மட்டும் வாகையடி முக்குப் பக்கத்தில் போட்டிருந்த கொட்டகைக்கு நாடகம் பார்க்கப் போனது உமக்கு நினைவிருக்கும். களக்காட்டுக் கோட்டை விழுந்த கதை. ராஜ பார்ட்டுக்காரர் நல்ல சாரீரம். மார்பில் அம்பு பாய்ந்த பிறகு காம்போதியில் ஆரம்பித்தவர் முகாரிக்கு வந்து சேருவதற்குள், என் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தரம் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்தார். அதெல்லாம் சரிதான். ஆனால் கோட்டை விழுந்தது எப்படி? சேவகன் ஒருவன் ஓடி வருகிறான். ‘மகாராஜா, கதவு திறந்துவிட்டது’ என்கிறான். உடனே எதிரிப் படை உள்ளே வந்துவிடுகிறது. திறந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம்? உள்ளே தாழ் போட்ட கதவு தானாகவா திறக்கும்? சப் ரிஜிஸ்தரார் கச்சேரியில் தலை நரைக்கும் மட்டும் பத்திரம் பதிந்தவன் நான். ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு நிலம்கூட எழுதிக் கொடுப்பவன் பெயர் இல்லாமல் என் மேஜையைத் தாண்டியதில்லை. இங்கே கல்லும் மதிலும் அகழியுமாக ஒரு முழுக் கோட்டையே கைமாறுகிறது. கொடுத்தவன் யார் என்று கொட்டகையில் ஒருவரும் கேட்கவில்லை. நாடகம் முடிந்து ஆர்மோனியக்காரரைப் பிடித்துக் கேட்டேன். “கதவு தொறக்கலைன்னா நாடகம் எப்ப முடியுதது அண்ணாச்சி, நாங்க எப்பச் சாப்பிடுதது?” என்றார். களக்காட்டுப் பக்கம் கோயில் கொடைக்குப் போன இடத்தில் வில்லுப்பாட்டுக்காரர்களையும் கேட்டுப் பார்த்தேன். அவர்களும் ‘கதவு திறந்ததே’ என்று பாடி, குடத்தில் ஓங்கி ஓர் அடி அடித்து, அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாடகம் விட்டதையும் கர்ணபரம்பரை மறைத்ததையும் நான் ஒருவன்தான் சொல்லியாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

துரோகிக்குப் பெயர் வைப்பது லேசான வேலை அல்ல. கேட்டவுடன் ஒரு நடுக்கம் வர வேண்டும். அதே சமயம் பெரிய உத்தியோகத்துக்கும் பொருந்த வேண்டும். தளவாய் மந்திரமூர்த்தி என்று வைத்தேன். வைத்ததும் அவன் என் முன்னால் வந்து நின்றான். ஒன்றரைக் கண்ணும் முறுக்கு மீசையும் கொடுத்தேன். பாதி ராஜ்யம் தருவதாக எதிரி ஓலை அனுப்ப, இடுப்பில் சாவியோடு அவன் பதுங்கிப் பதுங்கிப் போவதை எழுதும்போது எனக்கே வியர்த்தது. ‘களக்காட்டுக் கதவு அல்லது தளவாய் மந்திரமூர்த்தியின் மகாபாதகம்’ என்று நாவலுக்குத் தலைப்பிட்டதும் நான்தான். தை இதழில் அது ஆரம்பமானது முதல் சந்தாக்காரர்கள் கூடிவிட்டார்கள் என்று நீர் சந்தோஷமாக எழுதியிருந்தீர். அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அந்தச் சமயத்தில்தான் உலகம்மாளைக் களக்காட்டு நாறும்பூநாத பிள்ளையின் மகனுக்குப் பேசி முடித்திருந்தோம். பையன் சங்கரசுப்பிரமணியன் பள்ளிக்கூடத்து வாத்தியார்; சாது; நல்ல கையெழுத்து. ஆவணியில் முகூர்த்தம். மாசி மாதம் ஒரு மத்தியானம், சம்பந்தி களக்காட்டிலிருந்து சேரன்மாதேவி வரை வில்வண்டியிலும் அப்புறம் ரயிலிலுமாக வந்து இறங்கினார். கையில் உம் பத்திரிகை. தாம்பூலப் பையைக்கூடக் கீழே வைக்காமல் பேச ஆரம்பித்தார். மந்திரமூர்த்தி என்பது அவர்கள் வீட்டு மூத்த பாட்டனார் பெயராம். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அந்தப் பெயரைத்தான் வைக்கிறார்களாம். அந்தப் பாட்டனார் ராஜாவிடம் ஏதோ உத்தியோகம் பார்த்ததாகவும் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டாம். போதாதா? ஊரெல்லாம் அவர்களைக் ‘கதவு வீட்டார்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. கோயிலில் விபூதித் தட்டை நீட்டுகிறவர்கூட, ‘பாத்து எடுங்க, தட்டுல தாழ்ப்பாள் எதுவும் இருக்கப் போவுது, தொறந்துராதீங்க’ என்கிறாராம். நான் பதறாமல் பதில் சொன்னேன். சரித்திர நாவல் என்பது சரித்திரத்தைச் சட்டமாக வைத்து உள்ளே கற்பனையை மாட்டுவது. சட்டம் பழசு, படம் புதுசு. மந்திரமூர்த்தி என் தலையில் பிறந்தவன். ஒரு சொட்டும் நிஜமில்லை என்று விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

“கற்பனைன்னா அதையும் அச்சுல போடும் வே. திட்டினது அச்சுல, சமாதானம் மட்டும் காதோடயா?” என்றார்.

அதன்படிதான் பங்குனி இதழில் ‘தளவாய் மந்திரமூர்த்தி முழுவதும் கற்பனை, கதவைத் திறந்தவர் வேறொருவர், அவர் யார் என்பது பின்னால் விளங்கும்’ என்று அறிக்கை போடச் சொன்னேன். நீரும் போட்டீர். சம்பந்தி குளிர்ந்துபோனார். ஆனால் பின்னால் விளங்கும் என்று போட்டுவிட்டேனே தவிர, எனக்கு முதலில் விளங்க வேண்டாமா? நாவலில் எதிரிப் படை அகழிக்கு அப்பால் வந்து நிற்கிறது. அதைச் சித்திரை இதழ் வரை மழையில் நிற்க வைத்தேன். வைகாசியில் காய்ச்சல் வர வைத்தேன். அதற்கு மேல் நிற்க வைத்தால் படையே வீட்டுக்குப் போய்விடும்.

குதிரை விற்க வந்த வெளியூர் வியாபாரி ஒருவன் திறந்ததாக எழுதினேன். அச்சுக்கு அனுப்பும் முன் யாரிடமாவது படித்துக் காட்டலாம் என்று, பொட்டல்புதூர் ஜவுளி வியாபாரி அகமது மீரான் கல்யாணப் புடவை கொண்டுவந்து காட்டிய அன்று அவரை உட்காரவைத்துப் படித்தேன். உமக்குத் தெரியும், அவரும் நானும் சிறு வயது முதல் பழக்கம். அவர் கடைப் புடவையும் என் வீட்டு மாம்பழமும் கைமாறாத வருஷம் இல்லை. அவர் முன்னோர்கள் காயல் துறைமுகத்தில் இறங்கிய குதிரைகளை ஓட்டிவந்து விற்றவர்கள் என்பது நான் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினேன். அவர் கோபப்படவில்லை. விரித்த புடவையைப் பைய மடித்துக்கொண்டே கேட்டார்:

“நீரு கதவைத் தொறந்தவனைத் தேடுதீரா, இல்ல உம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு எடைஞ்சல் வராத ஆளாத் தேடுதீரா?”

அந்த அத்தியாயத்தை அவர் எதிரிலேயே கிழித்தேன். கிழித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்படிக் கேட்கக்கூடிய சிநேகிதர் உம் டவுணில் எத்தனை பேருக்கு இருக்கிறார்? பிறகு கதவில் இடி விழுந்ததாக எழுதி அனுப்பினேன். ‘இடி விழுந்துதான் கதவு திறக்கும் என்றால் நாவலையும் இடியே எழுதியிருக்கலாம்’ என்று நீர் திருப்பி அனுப்பினீர். அந்த வாக்கியத்துக்காக உம்மை நான் மன்னித்துவிட்டேன்.

மேற்படி இடி திரும்பி வந்த அன்று உம் தமக்கை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்துச் சலித்து, என்ன என்று கேட்டாள். சொன்னேன். பதவி ஆசையில் திறக்கலாம், பொன்னாசையில் திறக்கலாம், பழிக்குப் பழியாகத் திறக்கலாம், இன்னும் வேறு காரணம் அகப்படவில்லை என்றேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“படை வாசல்ல நிக்கையில ஒருத்தன் கதவைத் தொறக்கான்னா, வீட்டுக்குள்ள பொம்பளைக்கு நோவு கண்டிருக்கும். மருத்துவச்சி வெளிய இருந்திருப்பா. வேற என்ன?” என்றாள்.

சம்பந்தம், நான் அப்படியே நின்றுவிட்டேன். நாடகத்தில் ராஜா இருந்தார், மந்திரி இருந்தார், விதூஷகன்கூட இருந்தான். வில்லுப்பாட்டில் தேவதைகள் இருந்தன. கோட்டைக்குள் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகும் என்பது எவனுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தோன்றச் செய்தது உம் தமக்கை என்றாலும், எழுதியது நான்தானே? சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன். வாயிற்காவலன், அவன் மனைவிக்கு முதல் பிரசவம், மருத்துவச்சி குடியிருப்பதோ அகழிக்கு வெளியே, அவள் வந்து கதவைத் தட்டுகிறாள், அவளுக்குப் பின்னால் இருட்டில் படை பதுங்கியிருக்கிறது என்று அவனுக்குச் சந்தேகம் உண்டு, உள்ளே மனைவியின் சத்தம் கேட்கிறது, தாழை எடுக்கிறான். அவனுக்கு என்ன பெயர் வைப்பது? எந்தப் பெயரை வைத்தாலும் அடுத்த ரயிலில் ஒருத்தர் வந்து இறங்குவார். ஆகவே என் பெயரையே வைத்தேன். வாயிற்காவலன் பாபநாசம், இந்த ஆசிரியருக்கு மூதாதை என்றும் ஒரு வரி சேர்த்தேன். இனி யாராவது சண்டைக்கு வருவதென்றால் நானேதான் வர வேண்டும். தலைப்பையும் ‘களக்காட்டுக் கதவு அல்லது பாபநாசத்தின் பரிதவிப்பு’ என்று மாற்றினேன்.

ஆனி இதழ் வந்த பிறகு நடந்ததை நீர் அங்கிருந்து கேள்விதான் பட்டிருப்பீர். கடனா நதிப் படித்துறையில் துணி துவைக்கிற பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டு, உலகம்மாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ரயிலடி மாஸ்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இத்தனை நாளும் என்னைக் ‘கச்சேரிப் பிள்ளை’ என்று சொன்ன ஊர் ‘கதைப் பிள்ளை’ என்று சொல்ல ஆரம்பித்தது. நானும் வேண்டாமென்று தடுக்கவில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது களக்காட்டிலிருந்து ஆள் வந்தது. தம் பாட்டனார் பேரில் இருந்த பழி நீங்கியதில் நாறும்பூநாத பிள்ளைக்குப் பரம சந்தோஷமாம். ஆனால் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட வம்சத்தில் பெண் எடுப்பது பற்றி அவருடைய பங்காளிகள் யோசிக்கிறார்களாம். முகூர்த்தத்தை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார். நான் சிரித்தேன். உம் தமக்கை சிரிக்கவில்லை. உலகம்மாள் அழவும் இல்லை. நான் எழுதுவதை எல்லாம் முதலில் படித்துப் பிழை திருத்துகிறவள், அன்றைக்குத் தாளை என் பக்கம் நகர்த்திவைத்து, “நீங்களே வாசிச்சுக்கோங்க எப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அது என்னை என்னவோ செய்துவிட்டது. அன்றிரவே சட்டையை மாட்டிக்கொண்டேன். விடிந்ததும் முதல் வண்டி ஏறிவிட்டேன்.

களக்காட்டில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பையன் ஒரு தூணோரம் நின்றான். நான் விஷயத்தைத் தெளிவாக எடுத்துவைத்தேன். எங்கள் முன்னோர்கள் ஏழு தலைமுறையாக ஆழ்வார்குறிச்சியில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள். களக்காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்தது கிடையாது. வாயிற்காவலன் பாபநாசம் என் கற்பனை என்றேன்.

“அச்சுல வந்திருக்கே” என்றார் நாறும்பூநாத பிள்ளை.

உங்கள் மந்திரமூர்த்தியும் அச்சில்தானே வந்தார் என்றேன்.

“அவரு கற்பனைன்னு பொறவு நீரே அச்சுல போட்டீரு. உம்ம ஆளு கற்பனைன்னு எங்கன போட்டிருக்கு? உம்ம மூதாதைன்னுல்லா போட்டிருக்கு?”

நான் அப்போதும் அசரவில்லை. ஆனால் சம்பந்தம், உம்மிடம் மறைப்பானேன், மனசுக்குள் கணக்குப் போட்டேன். இன்னோர் அறிக்கை போட்டு அந்தப் பாபநாசத்தையும் கற்பனை என்று சொல்லிவிடலாம்; கல்யாணம் நடந்துவிடும். பெண்ணைப் பெற்றவன் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் அவனைத் தள்ளிவிட்டால் கதவை மறுபடி மூட வேண்டும். அவன் மனைவி உள்ளே கிடந்து கத்துவாள். மருத்துவச்சி வெளியே நிற்பாள். அதை எழுத என் கை வராது. உலகம்மாளின் முகமும் அந்த வாயிற்காவலனின் முகமும் எனக்கு மாறி மாறித் தெரிந்தன. அப்போதுதான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற சம்பந்தியம்மாள் வடிவம்மாள், கூடத்துக்கு வராமலேயே பேசினாள்.

“அந்தக் கதையை எம்மவன் எனக்கு வாசிச்சுக் காட்டினான். இவன் பொறக்கையில நான் நோவுல கெடக்கேன். இவுக மருத்துவச்சியக் கூப்பிடப் போவாம, மழை வெறிச்சு நிக்கட்டும்னு வாசல்ல நின்னு வானத்தைப் பாத்துக்கிட்டிருந்தாவ. கோட்டை போனாலும் போவட்டும்னு தொறந்தவன் வீட்டுப் பொண்ணுதான் இந்த வீட்டுக்கு வேணும். வேற பொண்ணு வந்தா நான் ஆரத்தி எடுக்க மாட்டேன்.”

பங்காளிகளில் ஒருவர் மேல்துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒரு மழை பெய்திருக்க வேண்டும். நாறும்பூநாத பிள்ளை என்னைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்து, ஆவணியில் மழை இருக்குமோ, பந்தலைக் கெட்டியாகப் போடச் சொல்ல வேண்டும் என்றார். பையன் என் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டான். ஏற்றும்போது, அந்த அத்தியாயத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டியதாகவும், இரண்டாவது தரம் தகப்பனார் பக்கத்து அறையில் இருமாமல் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் சொன்னான். நல்ல பையன் வே, நம்ம உலகம்மாளுக்கு ஏத்தவன்.

ஆகவே கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடக்கும். உம் குடும்பத்தோடு முன்னதாகவே வந்து சேரவும். தாய்மாமன் இல்லாமல் ஒரு சடங்கும் நகராது. ஆவணி இதழில் ஒரு கட்டுத் தனியாக அச்சடித்துக் கொண்டுவரவும். சம்பந்தியம்மாள் அதைத் தாம்பூலத்தோடு பெண்களுக்குக் கொடுக்கப் பிரியப்படுகிறாள். அதற்காகவே கடைசி அத்தியாயத்தை என் முழுச் சக்தியையும் செலுத்தி எழுதியிருக்கிறேன். யானைப்படை மதிலை முட்டுகிறது. ராஜா பாட்டுப் பாடாமல் கௌரவமாக உயிர்விடுகிறார். வாயிற்காவலன் பாபநாசம் ஒற்றை ஆளாக வாசலை மறித்து, எதிரி வீரர்களை வாழைத் தோட்டம் போலச் சாய்த்து, நீண்ட பிரசங்கம் ஒன்று செய்து விழுகிறான். நாடகக்காரர்களும் வில்லுப்பாட்டுக்காரர்களும் விட்டுவிட்ட ஒன்றையும் நான் விடவில்லை. கோட்டை வாசலில் எத்தனை ஆணி அடித்திருந்தது என்பது வரைக்கும் இருக்கிறது. இதில் குறை கண்டுபிடிக்கிறவன் இனிப் பிறந்துதான் வர வேண்டும். ஆகையால், கை வைக்காதீர்.

உம் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசியைச் சொல்லவும். நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் உமக்கு நீண்ட ஆயுளையும், உம் அச்சுக்கோப்பவருக்குக் கூர்மையான கண்ணையும், எனக்கு உம்மைப் போன்ற பத்திராதிபரிடம் பொறுமையையும் குறைவில்லாமல் அருளட்டும்.

இப்படிக்கு,
உம் தமக்கை கணவரும் நூலாசிரியருமான
பாபநாசம் பிள்ளை

பின்குறிப்பு: கட்டை ஒட்டப் பசை கேட்டபோது, கடைசி அத்தியாயத்தைத் தான் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தருவதாக உலகம்மாள் வாங்கிக்கொண்டு போனாள். படித்து முடித்து வந்து, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு எப்பா. பிள்ளை பொறந்துதா?” என்று கேட்டாள். எந்தப் பிள்ளை என்றேன். அவள் கட்டை என் பக்கம் நீட்டினாள். தாள்களை வாங்கி முதலிலிருந்து புரட்டினேன். யானை இருக்கிறது, ஆணி இருக்கிறது, பிரசங்கம் இருக்கிறது. மருத்துவச்சி கதவைத் தாண்டி உள்ளே ஓடினாள் என்பதோடு சரி, அப்புறம் அந்தத் தாயைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. உம் தமக்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆகையால் கட்டு இத்துடன் வரவில்லை. மேலே எழுதியிருப்பதில் கல்யாணத்தைத் தவிர மற்றதை எல்லாம் அடித்துவிடவும். ஆவணி இதழில் என் பக்கங்களில் விளம்பரம் ஏதாவது போட்டுக்கொள்ளும். தாம்பூலத்துக்குத் தேங்காய் போதும் என்று சம்பந்தியம்மாளுக்கு நான் எப்படியாவது சொல்லிக்கொள்கிறேன். எனக்கு அது ஆணா பெண்ணா என்றே இன்னும் தெரியவில்லை.